சாதா பெட்ரோல் போதும், தம்பி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை உன் புதுக் காருக்குப் பெட்ரோல் போட்டதிலிருந்து எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பதினோரு வருஷமாகப் பெட்ரோல் வாடை ஏறின கைதான் இது. சோறு பிசையும்போது வரும், தலை பின்னும்போது வரும். அதெல்லாம் எனக்குப் பழகிப்போனது. இந்த அருவருப்பு வேறு மாதிரி, சோப்பு போட்டால் போகிற சங்கதி இல்லை. போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி சொல்வதற்குள் "சரிம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். எழுதினால் நடுவில் நீ பேச முடியாது, அதனால்தான் இந்தக் காகிதம். பத்தாவதோடு நின்றவள் எழுத்து என்று தள்ளி வைக்காமல் கடைசிவரை படி.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ ஏசி போட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாய், நான் வெளியே நின்றிருந்தேன். என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். உனக்கும் சரண்யாவுக்கும் கல்யாணம் முடிந்து மூன்று வாரம். மயிலத்தில் சாமி கும்பிட்டுவிட்டு சென்னைக்குத் திரும்புகிற வழியில், கூட்டேரிப்பட்டு தாண்டி, நான் வேலை செய்கிற பெட்ரோல் பங்குக்குள் வண்டியைத் திருப்பினாய். பக்கத்தில் உன் மாமனார், பின்னால் சரண்யாவும் அவள் அம்மாவும். கண்ணாடியை இறக்கி, யூனிபார்மோடு நின்ற என்னை அத்தனை பேருக்கு முன்னால் வாய் நிறைய "அம்மா" என்று கூப்பிட்டாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அடுத்த மூச்சிலேயே "பிரீமியம் போடும்மா, ஃபுல் டேங்க்" என்றாய்.

குனிந்து, உன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, இந்த வண்டிக்குச் சாதா பெட்ரோலே போதும், பிரீமியம் வீண் செலவு என்றேன். உன் மாமனார் காதிலும் விழுந்துவிட்டது. சிரித்தார். "புது வண்டிங்க சம்பந்தியம்மா. பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தது. அதுக்குப் போயி சாதாவ ஊத்தச் சொல்றீங்களே" என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. பெண்ணுக்குச் செய்ததில் அவருக்கு ஒரு பெருமை, அவ்வளவுதான். முகம் சுருங்கினது உனக்குத்தான். "சொன்னத போடும்மா. எனக்குத் தெரியாதா?" என்றாய். மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன் நீ. உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அப்படிச் சொன்னாய் என்பது என்னைப் பார்க்காமல் நீ மீட்டரைப் பார்த்ததிலேயே தெரிந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு டேங்க் நிறைய ஊற்றினேன். கிளம்பும்போது ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, "பாருங்க மாமா, பிக்கப்பே வேற" என்றாய். நான் ஊற்றினது இஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்தே இருக்காது. அந்தப் பிக்கப் என் வார்த்தை. அதே வார்த்தையை, அதே குரலில், எத்தனையோ பேரிடம் நான் சொல்லி விற்றிருக்கிறேன்.

அந்தக் கார் விஷயத்திலும் நான் யோக்கியம் இல்லை. பெண் வீட்டில் ஒரு பைசா வாங்க மாட்டோம் என்று திண்டிவனம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். நிச்சயதார்த்தத்தன்று விழுப்புரத்தில் அவர்கள் வீட்டில், "எங்க பொண்ணுக்கு ஒரு காரு செஞ்சிடறோம்" என்று உன் மாமனார் சொன்னபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். வேண்டாங்க என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொள்வது என் பழைய வியாதி. அந்த வியாதி ஒரு மனுஷனை என்ன பண்ணிவிட்டது என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

திங்கட்கிழமை சரண்யா போன் பண்ணினாள், அது உனக்குத் தெரியாது. "அத்த, நேத்து நீங்க எதுக்கு வேணாம்னீங்க? அந்த பெட்ரோலு நிஜமாவே வண்டிக்குத் தேவையா, இல்லையா?" என்று கேட்டாள். கல்யாணமாகி வந்த பெண் கேட்கிறாள், படித்தவன் நீ கேட்கவில்லை. காரில் கொடுத்திருக்கிற புத்தகத்தை எடுத்துப் படிக்கச் சொன்னேன். ஆக்டேன் தொண்ணூற்றொன்றோ அதற்கு மேலோ இருந்தால் போதும் என்று போட்டிருக்கிறது அத்த என்றாள். எங்கள் பங்கில் சாதா குழாயில் வருவதே அதுதான். இந்த ஒரு கேள்வியை முன்பு எங்கள் பங்குக்கு மொபெட்டில் வந்துகொண்டிருந்த ஏழுமலை அண்ணனும் என்னிடம் கேட்டிருந்தார். அவருக்கு நான் சொன்ன பதில்தான் வேறு.

நீ டிப்ளமா கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பங்குக்குப் புது மேனேஜர் வந்தார். வந்த வாரமே பெண்களையெல்லாம் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். வண்டி வந்தால் எது போடட்டும் என்று கேட்கக் கூடாதாம். "பிரீமியம் போட்டுடட்டுங்களா?" என்று, இருப்பதே அது ஒன்றுதான் என்கிற மாதிரி கேட்க வேண்டுமாம். வேண்டாம் என்றால், "உங்க வண்டிக்கு இதான் சார் ஏத்தது" என்று ஒரு தூக்குத் தூக்கி விட வேண்டுமாம். ஒவ்வொருத்திக்கும் ஷிப்டுக்கு இத்தனை லிட்டர் என்று டார்கெட். முடிக்காதவள் பேரை வாட்ஸப் குரூப்பில் போடுவார். முடித்தவளுக்குக் காலை ஷிப்ட். உங்கப்பா போன பிறகு வீட்டில் வயசுப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு ராத்திரி ஷிப்ட் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. காலை ஷிப்டுக்கு ஆசைப்பட்டேன். ஒரு மாசத்தில் அந்த குரூப்பில் முதல் பேர் என் பேர். எல்லாரும் கை தட்டுகிற பொம்மை போட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் கும்பிடு பொம்மை போட்டேன்.

யாரிடம் விற்றேன் என்று நினைக்கிறாய்? பெரிய கார்க்காரன் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவான். தனக்கு எது வேண்டும் என்று அவனே சொல்வான். என் பேச்சில் விழுந்தது மொபெட்டுக்காரர்கள், பால் ஊற்றுகிறவர்கள், வளவனூர்ப் பக்கமிருந்து காய்கறி ஏற்றி வருகிறவர்கள். ஏழுமலை அண்ணன் அதில் ஒருவர். கூட்டேரிப்பட்டுக்காரர். பழைய மொபெட்டில் முன்னாலும் பின்னாலும் மல்லாட்டை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடலை விற்பார். ஒரு காலத்தில் குடிகாரர். அவர் மகன் கல்யாணத்தன்று மண்டபத்திலேயே விழுந்து கிடந்து மானம் போனது என்றும், அதோடு விட்டுவிட்டார் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். வண்டி ரொம்பப் புகைகிறது, என்ன பண்ணலாம் என்று ஒரு நாள் என்னைக் கேட்டார். "பிரீமியம் போடுண்ணா. இதுல எல்லா மருந்தும் கலந்தே வருது, இஞ்சின் சுத்தமாயிடும்" என்றேன். அது அவருக்கு நிஜமாகவே வேண்டுமா என்று திருப்பியும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அவருடைய வண்டி பழைய மாடல். அந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் இல்லாவிட்டால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி, ஓடுகிற ஓட்டத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இதைப் படித்தவன் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த தடவை வந்தபோது வழக்கம்போல ஆயில் ஊற்றட்டுமா என்று கேட்டேன். "எதுக்கும்மா? எல்லாம் கலந்தே வருதுன்னு நீதான சொன்ன" என்றார். தம்பி, அந்த இடத்தில்தான் நான் பேசியிருக்க வேண்டும். அண்ணா, அது வேறு, இது வேறு, ஆயில் கட்டாயம் வேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியும். பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். ஆயிலுக்கும் சேர்த்துக் கணக்குச் சொன்னால் அண்ணன் பிரீமியத்தை விட்டுவிட்டுச் சாதாவுக்கே போய்விடுவார் என்று என் புத்தி ஓடியது. சிரித்துக்கொண்டே ஊற்றி அனுப்பினேன். அதற்கு அடுத்த தடவையும் அப்படியே.

சித்திரை வெயிலில், மூட்டை பாரத்தோடு, பட்டப்பகலில், ஆளில்லாத நேர் ரோட்டில் வண்டியோடு விழுந்தார் அண்ணன். இடித்தவர் யாரும் இல்லை. தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். செய்தி பங்குக்கு வந்ததும் பழம் வாங்கிக்கொண்டு நான் அவர் வீட்டுக்குப் போனேன். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை, சத்தியமாக. கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி அஞ்சலை பழத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "குடிச்சிட்டு வுழுந்தவனுக்கு பழம் ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள். நேர் ரோட்டில், யாரும் மோதாமல் ஒருவன் விழுந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? மகனும் அதையேதான் நினைத்தான். ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டு, இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று விழுப்புரத்துக்குப் போய்விட்டானாம். அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் குடிக்கலம்மா. பின்சக்கரத்த யாரோ புடிச்சி இழுத்த மாதிரி நின்னுடுச்சி. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டன்றாங்க." அதோடு விடவில்லை. மனைவியைப் பார்த்து, "இந்தம்மாதான் நம்ம வண்டிக்கு நல்ல பெட்ரோலா போட்டுக் குடுக்கும்" என்று என்னை அறிமுகம் செய்து வைத்தார்.

ஒரு மாசம் கழித்து மெக்கானிக் பாஷா பாய் பெட்ரோல் போட வந்தார். பழைய மொபெட் ஒன்று, கூட்டேரிப்பட்டுப் பையன் ஒருவன் இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனானாம், பிரித்துப் பார்த்தாராம். "சொட்டு ஆயில் இல்லாம ஓட்டிக்கினு இருந்திருக்கான்மா எவனோ. பிஸ்டன் அப்படியே ஒட்டிக்கினு கெடக்குது. பின்சக்கரம் லாக் ஆயிருக்கும். ஆளு உசுரோட இருக்கானான்னு தெரியல" என்றார். என்ன கலர் வண்டி என்று கேட்டேன். சொன்னார். அண்ணன் வண்டியின் கலர்தான்; கையில் இருந்த நாஸிலைத் திரும்ப மாட்டினேன். அது யார் வண்டி, ஏன் ஆயில் இல்லை, அந்த மனுஷன் குடித்திருந்தானா இல்லையா, எல்லாம் சேர்த்துத் தெரிந்தது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான். அன்றைக்கே பஸ் ஏறிப் போயிருக்க வேண்டும். கூட்டேரிப்பட்டு எங்கள் பங்கிலிருந்து கூப்பிடு தூரம். போகவில்லை. வேலை போய்விடும் என்று ஒரு நாள், போலீஸ் வரும் என்று ஒரு நாள், உன் படிப்பு முடியட்டும் என்று ஒரு நாள். பிறகு உனக்கு வேலை கிடைக்கட்டும், பிறகு பெண் பார்க்கட்டும். உன்னைச் சாக்காக வைத்தே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

அதற்கப்புறமாவது பிரீமியம் தள்ளுவதை நிறுத்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிறுத்தவில்லை. மொபெட்டுக்காரர்களிடம் மட்டும் சொல்வதில்லை. கார் வந்தால், அதிலும் புதுக் கார், மாலை காயாத கார் வந்தால், அதே பாட்டுத்தான். அப்படிச் சொல்லிச் சொல்லி ஊருக்கு நான் கற்றுக்கொடுத்ததைத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை என்னிடமே திருப்பிச் சொன்னாய்.

சரண்யா கேட்டதற்குப் பதில் உனக்கும் சேர்த்து எழுதுகிறேன். இஞ்சினுக்குள்ளே பெட்ரோலும் காற்றும் சேர்ந்து நெருக்கப்படும்போது, பிளக் பொறி கொடுப்பதற்கு முன்னால் அது தானாக வெடித்துவிடக் கூடாது. அப்படி முந்திக்கொள்ளாமல் பொறுத்து நிற்கிற குணத்துக்குத்தான் ஆக்டேன் என்று பேர். அதைப் பலம் என்று சொல்லி நான் விற்றேன். நிஜத்தில் அது வெறும் பொறுமை. ரொம்ப நெருக்குகிற இஞ்சின் சிலது இருக்கிறது, அதற்கு அந்தப் பொறுமை வேண்டும். புத்தகத்தில் தொண்ணூற்றைந்து என்று போட்ட கார் பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில் எங்களிடம் வரும். அதற்குச் சாதா போட்டால்தான் தப்பு, அவர்களுக்கு நான் மனசாரப் போடுவேன். உன் கார் அந்த ஜாதி இல்லை. அதற்குப் பிரீமியம் ஊற்றினால் மைலேஜும் கூடாது, பிக்கப்பும் கூடாது. சுத்தம் செய்கிற மருந்து கொஞ்சம் கலந்திருப்பது நிஜம்தான். சர்வீசை நாள் தவறாமல் விட்டு, டயரில் காற்றைச் சரியாக வைத்துக்கொள்கிறவனுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. வண்டி சத்தம் போட்டாலோ புகைந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டு. பெட்ரோல் மாற்றிச் சரி பண்ணலாம் என்று யார் சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், நம்பாதே. மாமனார் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக ஒரு இஞ்சின் வேறு இஞ்சின் ஆகிவிடாது.

செவ்வாய்க்கிழமை மேனேஜரிடம் போய், இனிமேல் வருகிறவர்களை எது வேண்டும் என்று கேட்டுத்தான் போடுவேன், பாட்டுப் பாட மாட்டேன் என்றேன். "நீங்களாக்கா? நீங்கதானே மத்தவங்களுக்குக் கத்துக் குடுத்தீங்க" என்றார். அவர் கேலி பண்ணவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு ராத்திரி ஷிப்ட். பரவாயில்லை, இப்போது வீட்டில் காவலுக்கு யாரும் இல்லை.

நேற்றுப் புதன்கிழமை, எனக்கு வார லீவு. கூட்டேரிப்பட்டில் போய் இறங்கினேன். ஏழுமலை அண்ணன் இப்போது ஜங்ஷனில் குடைக்குக் கீழே உட்கார்ந்து அவித்த மல்லாட்டை விற்கிறார். கால் மடங்காது, நீட்டியபடியே உட்கார்ந்திருக்கிறார். அஞ்சலை பத்தடி தள்ளி, அடுப்புப் பக்கம், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அண்ணன் ஒரு பொட்டலம் மடித்து நீட்டினார். வாங்கவில்லை. அஞ்சலையையும் பக்கத்தில் கூப்பிட்டு நிற்க வைத்து, நான் சொன்ன பொய்யிலிருந்து பாஷா பாய் சொன்னது வரை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த வண்டி நின்றது என்னால், அவர் அன்றைக்குக் குடிக்கவில்லை என்று சொல்லி முடித்தேன். திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "பையனுக்கு போடறேன். அவன்கிட்ட இத ஒரு தபா சொல்லிடும்மா" என்றார்.

மகன் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார், எடுக்கவில்லை. அப்பா நம்பரை அவன் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறதாம். அஞ்சலை தன் போனிலிருந்து போட்டு என் கையில் கொடுத்தாள். நான் யார் என்று சொல்லி, முழுவதும் மறுபடியும் சொன்னேன். ரோட்டில் பஸ் சத்தம், இரண்டு இடத்தில் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும், "எங்கப்பா பக்கத்துல இருக்காரா?" என்றான். இருக்கிறார் என்றேன். "வேல முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லுங்க" என்றான். சொன்னேன். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார், முகத்தைக் குடைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அஞ்சலை என் கையிலிருந்து போனை வாங்கிப் புடவையில் துடைத்தாள். "ரெண்டு வருசமா அந்தாளுக்குச் சோத்தத் தட்டுல போட்டுத் தள்ளி வுட்டிருக்கேன். ஒரு நாளுகூட பக்கத்துல ஒக்காந்து, சாப்புடுன்னு சொன்னதில்ல. நீ எல்லாத்தையும் தெரிஞ்சிக்கினு பெட்ரோல் போட்டுக்கினு இருந்திருக்க" என்றாள். குரல் உயரவே இல்லை. செருப்பில் ஒட்டினதைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "கெளம்பு. இங்க நிக்காத" என்றாள்.

ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் பஸ்ஸுக்கு நின்றேன். திண்டிவனம் பஸ் வந்து மறைப்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தேன். அஞ்சலை அடுப்பை அணைத்துவிட்டுப் போய், குடைக்குக் கீழே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

உன் அம்மா